முருங்கைப் பொடி என்று சொல்லி நிலாவாரை என்கிற பேதி மூலிகையை விற்கிறார்கள், நெல்லைக்காரர்கள் கவனிக்கவும்

எடையும் குறையும் சத்தும் கிடைக்கும் என்று சொல்லி விற்கிற முருங்கை இலைப் பொடியை வாங்கி வைத்திருக்கிறீர்களா? வீட்டில் யாராவது பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிட்டால் இதை அவசியம் படியுங்கள்.

பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிற எங்கள் சித்தி ஆனித் திருவிழாவுக்கு டவுனுக்குப் போனபோது ஒரு மூலிகை ஸ்டாலில் பாக்கெட்டைக் கையில் திணித்திருக்கிறார்கள். "வெறும் கீரைதான்க்கா, பக்க விளைவே கிடையாது, ராத்திரி ஒரு ஸ்பூன் வெந்நீர்ல போட்டுக் குடிங்க, காலையில கழிவெல்லாம் போயிரும்." சொன்னபடியே காலையில் வயிறு போனது, கொஞ்ச நாளில் எடையும் இறங்கியது, சித்திக்கு ஒரே சந்தோஷம், கூரியரில் இன்னும் வரவழைத்துத் தினமும் குடிக்க ஆரம்பித்துவிட்டார். என்ன பொடி என்று கேட்டால், "ஏட்டி, முருங்கக்கீர என்னத்தச் செஞ்சிரும்?"

சில மாதங்களில் ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, படி ஏற முடியவில்லை, நெஞ்சு படபடத்தது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.8. அது 3.5க்குக் குறையக் கூடாது, இதயத் துடிப்பையே குழப்பிவிடும் என்று உடனே அட்மிட் செய்தார்கள். அப்புறம் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அந்தப் பாக்கெட்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். முருங்கை இப்படி வயிற்றைக் கலக்காது, நிலாவாரை கலந்திருப்பார்கள், விற்றவரிடமே கேளுங்கள் என்றார் மருத்துவர். போனில் விடாமல் கேட்ட பிறகுதான் அந்த ஆள் வாயைத் திறந்தார்: "பாதிக்குப் பாதி சேர்ப்போம், அதனாலதான் ரிசல்ட் வருது, எல்லாரும் செய்றதுதான்." பணத்தைத் திருப்பித் தர மாட்டாராம்.

நிலாவாரை நம்ம ஊர்ப் பயிர்தான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைவதால் உலகச் சந்தையில் அதற்கு டின்னவெல்லி சென்னா என்றே பெயர். மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது மருந்து. இலையில் இருக்கும் சென்னோசைடு பெருங்குடல் வரை போய், அங்கே பாக்டீரியாக்களால் உடைந்து, குடலை முடுக்கி, தண்ணீரை உறிஞ்சவிடாமல் செய்கிறது. குடித்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை செய்யும், அதனால்தான் ராத்திரி குடிக்கச் சொல்கிறார்கள். சோறும் எண்ணெயும் அதற்கு முன்பே சிறுகுடலில் உடம்பில் சேர்ந்துவிடுகின்றன, ஆகவே எடை குறைவது தண்ணீரில்தான், கொழுப்பில் இல்லை. தண்ணீரோடு பொட்டாசியமும் போகிறது. நீர் மாத்திரைகளிலும் பல, பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியவை, இரண்டும் சேர்ந்ததில்தான் சித்தி படுத்துவிட்டார். இதய நோய்க்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தானாகக் கொடுக்கவும் கூடாது.

பாக்கெட்டின் பின்னால் கால்சியம், இரும்பு, புரதம் என்று ஒரு சத்து அட்டவணை வேறு. எல்லாம் 100 கிராமுக்கு. ஒரு ஸ்பூன் பொடி மூன்று நான்கு கிராம் வருமா, அதிலும் பாதி நிலாவாரை என்றால் மிச்சம் என்ன சத்து சேரும்? 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வீட்டு மரத்துக் கீரையைப் பொரியல் வைத்துச் சாப்பிட்டால் அந்தப் பொடியைவிடப் பல மடங்கு கிடைக்கும், காசும் மிச்சம்.

இன்னொன்று, பாக்கெட்டில் இருந்தது உணவுப் பொருளுக்கான 14 இலக்க உரிம எண் மட்டும். சித்த மருந்து என்றால் மருந்து தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், சேர்மானங்களின் பெயர் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். இதில் "மூலிகைக் கலவை" என்று ஒரே வரி. உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது, இவர்கள் கீரை என்ற பெயரில் தப்பித்துக்கொள்கிறார்கள்.

மிச்சமிருந்த பாக்கெட்டுகளைப் பில்லோடு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம், 1915 நுகர்வோர் எண்ணிலும் புகார் பதிந்தாயிற்று. நீங்களும் இந்த மாதிரிப் பொடி குடித்து வயிறு போய்க்கொண்டிருந்தால், நிறுத்திவிட்டு ஒரு தடவை பொட்டாசியம் பார்த்துவிடுங்கள். பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டவும் புகார் கொடுக்கவும் அது வேண்டும்.