தாழ்த்திய சிவிக்: டோ மட்டும் போதுமா, கேம்பர் கிட்டும் வேண்டுமா?

1992 முதல் 2000 வரை வந்த ஹோண்டா சிவிக்கில் முன்னும் பின்னும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன்: சக்கரத்தை மேலும் கீழும் ஆர்ம்கள் பிடித்திருக்கும் அமைப்பு. குட்டை ஸ்பிரிங் போட்டுக் காரின் உயரத்தை இறக்கினால் சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாயும். இந்தச் சாய்வுக் கோணம்தான் கேம்பர்; உள்பக்கம் சாய்ந்தால் மைனஸ். கூடவே டோவும் கெடும்; அதாவது, மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நேராக நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். டயரின் உள்விளிம்பு தேய்ந்ததும் எல்லோரும் கேம்பரைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ.

டயரின் மேல் குறுக்காக உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். போகும்போது வழுவழுப்பாகவும், திரும்பும்போது ரம்பப் பல்லைப்போல் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ. சொரசொரப்பே இல்லாமல் உள்விளிம்பு மட்டும் சீராகக் கரைந்திருந்தால் கேம்பர்.

டோவைத் திருத்தப் புதிய உதிரிபாகம் எதுவும் வேண்டாம். முன்னால் டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), பின்னால் அதற்கென்றே உள்ள போல்ட். அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்வது) கூலியோடு வேலை முடிந்துவிடும். கேம்பர் மைனஸ் 2 டிகிரிக்குள் இருந்து, டோ பூஜ்யத்தை ஒட்டி நின்றால் டயர் நன்றாகவே உழைக்கும். வளைவில் பிடிமானமும் கூடும். என் ஓட்டு இதற்குத்தான்.

கேம்பர் கிட் என்பது நீளத்தை மாற்றக்கூடிய அப்பர் ஆர்ம், அதாவது சக்கரத்தின் மேல் ஆர்ம். மைனஸ் 3 டிகிரியைத் தாண்டி, நெடுஞ்சாலையில் நேராகவே ஓடும் காருக்கு இது நியாயமான செலவு. மலிவான கிட்டில் பால் ஜாயின்ட் (ஆர்மின் நுனியில் உள்ள பந்து மூட்டு) சீக்கிரம் ஆடத் தொடங்கும். கேம்பரை மாற்றினால் டோவும் மாறுவதால், அலைன்மென்ட் செலவு இதிலும் தப்பாது. எதுவானாலும், புது ஸ்பிரிங் படிந்து உயரம் நிலைத்த பிறகே வண்டியை அலைன்மென்ட் மேடையில் ஏற்றுங்கள்.