ஜீவன் பிரமாண்: முகத்தைக் காட்டலாம், ஆனால் கட்டாயம் கிடையாது

மத்திய அரசு பென்ஷன்தாரர்களுக்கு நவம்பர் என்றால் லைஃப் சர்டிபிகேட் மாதம். 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். பிஎஃப் வழியாகப் பென்ஷன் வாங்கும் இபிஎஸ்-95 ஓய்வூதியர்களுக்கு இந்த மாதக் கணக்கே இல்லை. எப்போது கொடுத்தாலும் அன்றிலிருந்து 12 மாதம் செல்லும். உயிரோடு இருக்கிறோம் என்பதை ஆதார் வழியாகச் சொல்ல 2014 நவம்பரில் வந்த சேவைதான் ஜீவன் பிரமாண். முதலில் கைரேகை, கருவிழி என்று இருந்தது. 2021 நவம்பரிலிருந்து ஃபோன் கேமராவில் முகத்தைக் காட்டினாலே போதும். செயலியைக் குறை சொல்ல அதிகம் இல்லை. அதைச் சொல்லி கவுன்டரிலும் கணினி மையத்திலும் பெரியவர்களைப் படுத்தும் பாட்டைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் செயலி. இரண்டை இறக்க வேண்டும்: ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண். முதலாவதைத் திறந்தால் திரையில் ஒன்றும் தெரியாது. அது பின்னணியில் ஓடுவது. வேலை செய்யவில்லை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஜீவன் பிரமாணுக்குள் போனதும் ‘ஆபரேட்டர்’ பதிவு கேட்கும். ஃபோனைக் கையாள்பவர் யாரோ அவர்தான் ஆபரேட்டர். மகனோ மருமகளோ இருக்கலாம், பென்ஷன்தாரரே தனக்குத் தானே ஆபரேட்டராகவும் இருக்கலாம். ஆதார் எண், மொபைல், மின்னஞ்சல், ஓடிபி, பிறகு ஆபரேட்டர் முகம். ஒரு ஃபோனில் இதை ஒரு முறை செய்தால் போதும். அடுத்து பென்ஷன்தாரரின் ஆதார், மொபைல், ஓடிபி. பிறகு பென்ஷன் வகை, அதை அனுமதித்த துறை, பட்டுவாடா செய்யும் வங்கி, பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை) எண், கணக்கு எண். கடைசியாக முகம். எல்லாம் சரி என்றால் பிரமாண் ஐடி திரையில் வரும், மொபைலுக்கும் வரும்.

முகம் பதியாததற்குப் பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடும். ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். கண்ணைச் சிமிட்டச் சொல்லும்போது ஒரு முறை நிதானமாகச் சிமிட்ட வேண்டும். படபடவென்று சிமிட்டினால் திரும்பக் கேட்கும். கேமரா 5 மெகாபிக்சலுக்குக் குறைந்த பழைய ஃபோனில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். பிழை எண் 300 என்று வந்தால் பதிவில் உள்ளதோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். 330 வந்தால் யாரோ ஆதாரில் பயோமெட்ரிக்கை, அதாவது ரேகை, கருவிழி, முகப் பதிவை, பூட்டி வைத்திருக்கிறார்கள். திறந்துவிட்டு முயல வேண்டும். பெயர் நம் ஊருக்கே உரிய தலைவலி. பிபிஓவில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், அல்லது அப்பா பெயர் முழுசாக. இங்கே ஆதாரில் இருப்பதை அப்படியே போடுங்கள்.

பிரமாண் ஐடி வந்ததோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் பெரிய தவறு. சான்று உருவானதற்கு மட்டுமே அது அத்தாட்சி. ஏற்க வேண்டியது வங்கி. பட்டியலில் வங்கியைத் தவறாகத் தொட்டாலோ பிபிஓ எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலோ சான்று வேறு இடத்துக்குப் போய்விடும் அல்லது நிராகரிக்கப்படும். சொந்தப் பென்ஷன் ஒன்று, குடும்பப் பென்ஷன் ஒன்று என இரண்டு பிபிஓ இருந்தால் இரண்டு சான்று வேண்டும். ஐடி அந்த ஒரு சான்றுக்கானது. அடுத்த ஆண்டு புதிதாக எடுக்க வேண்டும். மறுமணம், மறுவேலை உள்ளவர்களுக்கு இந்த வழியே கிடையாது. செயலி இதைக் கேட்கும்போது அவசரத்தில் பதிலை மாற்றித் தொட்டுவிட வேண்டாம்.

யாருடைய ஃபோனில் செய்கிறோம் என்பது அடுத்தது. கடையில் கொடுத்தால் மொபைல் எண் என்ற இடத்தில் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவது உண்டு; ஓடிபிக்காகக் காத்திருக்க வேண்டாமே என்ற அவசரம். விளைவு, ஐடியும் அதன் பின்னால் வரும் தகவல்களும் அவருக்குப் போகும், உங்களுக்கு எதுவும் வராது. உங்கள் எண்ணைத்தான் போட வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஆதார், பிபிஓ, வங்கிக் கணக்கு மூன்றையும் ஒரே காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நகல் கேட்டால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் போதுமா என்று கேளுங்கள்.

கைரேகைக் கருவி உள்ள இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். லைஃப் சர்டிபிகேட்டுக்கு ரேகை வைக்கும் அதே கருவியில் ஆதார் வழியாகப் பணமும் எடுக்கலாம், ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை. “ரேகை விழலைங்க, இன்னொரு தடவை வைங்க” என்பது பல நேரம் உண்மை. வயதானால் ரேகை தேயத்தான் செய்யும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துவிட்டு வையுங்கள், அன்றைக்கே வங்கிக் கணக்கையும் பாருங்கள். ஆதார் எண்ணோடு மொபைல் இணைந்திருந்தால், எந்த நாளில், எந்த நிறுவனம், ரேகையா முகமா ஓடிபியா என்ற வரலாற்றை ஆதார் தளத்தில் 6 மாதத்துக்குப் பார்க்கலாம், 50 பதிவுகள் வரை. வேலை முடிந்ததும் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைப்பது நல்லது.

வெளியே போக முடியாதவர்களுக்கு அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து எடுக்கும் சேவை 2020இல் வந்தது. கட்டணம் ஜிஎஸ்டி சேர்த்து 70 ரூபாய். இதற்காக அஞ்சல் வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ஃபோன் வசதி இல்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

இனி, “ஆன்லைன்லதான் குடுக்கணும், பேப்பர் வாங்க மாட்டோம்” என்ற பேச்சு. இது சட்டமில்லை. ஜீவன் பிரமாணில் ஆதார் சரிபார்ப்பு விருப்பத்தின் பேரில்தான், பயன்படுத்தும் அமைப்புகள் மாற்று வழி தர வேண்டும் என்று மத்திய அரசு 2021 மார்ச்சில் அறிவிக்கை போட்டிருக்கிறது. அதற்கு முன்பே 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் பெறும் பென்ஷன் போல உழைத்துச் சம்பாதித்த பலன் அரசு மானியம், சலுகைகளுக்கு ஆதாரைக் கேட்க அனுமதிக்கும் ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவுக்குள் வராது, அது அவருடைய உரிமை என்று சொல்லிவிட்டது. கவுன்டரில் இருப்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை; ஆன்லைனில் எத்தனை என்று அவருக்கும் மேலிருந்து எண்ணிக்கை கேட்கிறார்கள். மேலாளரிடம் போய், மறுப்பதாக இருந்தால் எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள்.

காகித வழியில் பென்ஷன் தரும் வங்கியின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம். கணக்குள்ள கிளைக்கே போக வேண்டும் என்பதில்லை. நேரில் போக முடியாத மத்திய அரசு ஓய்வூதியர், கெஜட்டட் அதிகாரி, தாசில்தார், வட்டார வளர்ச்சி அலுவலர், போஸ்ட் மாஸ்டர், காவல் நிலையப் பொறுப்பில் உள்ள எஸ்ஐ, ஊராட்சித் தலைவர், எம்எல்ஏ என யாராவது ஒருவரிடம் உரிய படிவத்தில் கையொப்பம் வாங்கி அனுப்பலாம். முக்கியமானது ஒப்புகைச் சீட்டு. கையொப்பமிட்ட ஒப்புகை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. காகிதம் காணாமல் போவது அத்தனை சாதாரணம் என்பதால்தான் அப்படி ஓர் உத்தரவே வந்தது. தேதியும் முத்திரையும் இல்லாமல் இடத்தை விட்டு நகராதீர்கள்.

நவம்பர் தாண்டிவிட்டால் பென்ஷன் நிற்கும், உண்மைதான். ஆனால் சான்று போய்ச் சேர்ந்ததும் நிலுவையோடு வந்துவிடும். ஆகவே மாதக் கடைசியில் “இன்றைக்குள் புதுப்பிக்காவிட்டால் பென்ஷன் ரத்து” என்று வாட்ஸ்அப்பில் படிவமோ லிங்கோ வந்தால், அதில் பிபிஓ எண்ணைப் போடுவதை விட ஒரு மாதம் தாமதமாகக் கிளைக்கு நடந்து போவதில் நஷ்டம் குறைவு.