மின்கம்பி இணைப்பான்கள்: இறுக்கத்தைத் தீர்மானிப்பது கையா, வடிவமைப்பா?

வீட்டு மின்கம்பி தன் நீளத்தின் நடுவில் பழுதாவது அரிது; சூடேறிக் கருகுவதும் தீப்பிடிப்பதும் பெரும்பாலும் ஒரு கம்பி இன்னொரு கம்பியோடு சேரும் இடத்தில்தான் நேர்கின்றன. அந்த இடத்தை இணைத்து மூடுவதற்கு இன்று கிடைக்கும் வழிகள் பல: முறுக்கி டேப் சுற்றுவது, திருகுக் கனெக்டர், பீங்கான் கனெக்டர், லிவர் கனெக்டர், கிரிம்ப் குழல், காப்பைத் துளைத்துப் பிடிக்கும் வெளிப்புறக் கனெக்டர். இவற்றில் எது பாதுகாப்பானது என்று கேட்டால் பலரும் முதலில் மேலுறையைத்தான் பார்க்கிறார்கள். கை பட்டால் ஷாக் அடிக்குமா, பிளாஸ்டிக் தடிமனாக இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். தேவையான சோதனைதான், ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. செம்பை அழுத்திப் பிடிக்கும் விசையை நிர்ணயிப்பது வேலை செய்பவரின் மணிக்கட்டா, அல்லது இணைப்பானின் வடிவமைப்பா? என் மதிப்பீட்டில் இந்த ஒரு கேள்வியே மேற்சொன்ன வழிகளைத் தரம் பிரித்துவிடுகிறது.

கணக்காகப் பார்த்தால் இது விளங்கும். நல்ல இணைப்பு ஒன்றின் தொடுதடை, அதாவது இரு உலோகங்கள் தொடும் இடத்தில் உள்ள மின்தடை, ஒரு மில்லி ஓம் என்று கொள்வோம். அதன் வழியே 10 ஆம்பியர் பாயும்போது உண்டாகும் வெப்பம் 0.1 வாட் மட்டுமே. தொட்டுப் பார்த்தாலும் தெரியாது. பிடி தளர்ந்தோ செம்பின் மேற்பரப்பு கறுத்தோ அந்தத் தடை 100 மில்லி ஓமாக ஏறிவிட்டால், அதே 10 ஆம்பியருக்கு 10 வாட் வெப்பம் விரல்நுனி அளவே உள்ள இடத்தில் இடைவிடாமல் உண்டாகிக்கொண்டிருக்கும். சாதாரண பி.வி.சி. காப்பு தாங்கும்படி வகுக்கப்பட்டிருப்பது 70 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டியதும் காப்பு இளகுகிறது, செம்பு மேலும் ஆக்சைடாகிறது, தடை மேலும் கூடுகிறது. இதில் பெரிய கவலை, மின்னோட்டம் அளவை மீறினால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது எதுவும் தெரியாது என்பதுதான், ஏனெனில் சுற்றில் பாய்வது அப்போதும் 10 ஆம்பியர்தான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் அசையாது, ஏனெனில் எர்த்துக்கு ஒன்றும் கசியவில்லை. ஆகவே கீசர், ஏ.சி., தண்ணீர் மோட்டார் போல நெடுநேரம் கணிசமான மின்னோட்டத்தை இழுக்கும் சாதனங்களின் இணைப்பில், இணைப்பானின் தரத்தைத் தவிர வேறு காவல் கிடையாது.

முறுக்கி டேப் சுற்றும் பழைய முறையை எடுத்துக்கொள்வோம். புதிதாக, நெருக்கமாக முறுக்கப்பட்ட செம்பு இணைப்பின் தடை உண்மையில் மிகக் குறைவு; முதல் நாளில் அளந்தால் அது பல கனெக்டர்களுக்கு ஈடுகொடுக்கும். குறை என்னவென்றால் அந்த முறுக்கில் வில் தன்மை இல்லை. கம்பி சூடேறி விரிந்து, குளிர்ந்து சுருங்கும் ஒவ்வொரு முறையும் இழைகளுக்கு இடையிலான அழுத்தம் கொஞ்சம் குறைகிறது, அதை ஈடுசெய்ய எதுவும் இல்லை. மேலே சுற்றிய டேப்பின் கதை இன்னும் மோசம். கத்திரி வெயிலில் கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியும், ஓட்டுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடைப்பட்ட வெளியும் அடையும் சூட்டில் டேப்பின் பசை இளகி, சுற்று மெல்ல நழுவி, நுனி பிரிந்து தொங்கும். சாலிடர் வைத்து முறுக்கினால் மின் இணைப்பு நிலைக்கும். காப்புப் பிரச்சினை அப்படியே இருக்கும். இந்த முறையில் விசையும் காப்பும் இரண்டுமே கையை நம்பியவை என்பதால், நிரந்தர வயரிங்கில் இதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதே என் நிலை.

திருகுக் கனெக்டரின் கட்டமைப்பு எளிமையானது: பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பித்தளைக் குழல், ஒவ்வொரு பக்கமும் ஒரு திருகு. இதில் விசை முழுக்க ஸ்குரூ டிரைவர் பிடித்த கையைப் பொறுத்தது. எம்3 அளவுத் திருகுக்கு ஏறத்தாழ 0.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். ஆனால் முறுக்குவிசை அளக்கும் டிரைவர் எத்தனை எலக்ட்ரீஷியன்களின் பையில் இருக்கிறது? குறைவாகத் திருகினால் தளர்ச்சி, மிகையாகத் திருகினால் வேறொரு கேடு. நம் வீடுகளில் இப்போது இழுக்கப்படுபவை பெரும்பாலும் மெல்லிய இழைகள் பல சேர்ந்த மல்டி ஸ்ட்ராண்ட் கம்பிகள். திருகின் நுனி நேரடியாக அவற்றின்மீது இறங்கினால் சில இழைகள் வெட்டுப்படும், சில பக்கவாட்டில் ஒதுங்கும், மிஞ்சியவை மட்டுமே மின்னோட்டத்தைச் சுமக்கும். இழைகளைச் சாலிடரில் தோய்த்துக் கெட்டியாக்கித் திருகுவது நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது தவறு. வெள்ளீயக் கலவை தொடர் அழுத்தத்தில் மெல்ல வழிந்து விலகும் இயல்புடையது. இன்று இறுக்கிய திருகு சில மாதங்களில் தானாகவே தளர்ந்திருக்கும். சரியான மருந்து, இழைகளின்மேல் ஃபெரூல் எனப்படும் சிறு உலோகக் குழலை மாட்டி நசுக்கிவிட்டுப் பிறகு திருகுவது, அல்லது திருகுக்கும் கம்பிக்கும் நடுவே அழுத்தத் தகடு உள்ள கனெக்டராகப் பார்த்து வாங்குவது. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் திருகுக் கனெக்டர் மதிப்புக்குரிய கருவியாகிவிடுகிறது. இரண்டும் இல்லாத மலிவுப் பட்டை, அதிலும் மின்விசிறியின் மேல்மூடிக்குள் அதிர்வில் இருப்பது, தளர்வதற்கென்றே வைத்ததுபோல் ஆகிறது.

உறையின் பொருளைப் பற்றி இங்கே சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் காப்பு என்று சொல்வதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, மின்னோட்டம் உள்ள உலோகத்தை விரல் தொட முடியாதபடி மறைப்பது. இதைச் சோதிக்க 12 மில்லிமீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட செயற்கை விரல் ஒன்றையே தரநிலைகள் வகுத்திருக்கின்றன. இரண்டாவது, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடைப்பட்ட பரப்பில் தூசியும் ஈரமும் சேர்ந்து, மின்சாரம் கசிந்தோடும் கரிப்பாதை உருவாகாமல் தடுப்பது. ஒரு பொருள் இதில் எவ்வளவு தாங்கும் என்பதை, உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஐம்பது முறை விட்டு, எந்த மின்னழுத்தம் வரை கரிப்பாதை உண்டாகவில்லை என்று பார்த்து அளக்கிறார்கள். 600 வோல்ட்டும் அதற்கு மேலும் தாங்கும் பொருளென்றால், 250 வோல்ட் சுற்றில் சாதாரண உட்புறச் சூழலுக்குப் பரப்புவழித் தொலைவு, அதாவது இரு உலோக முனைகளுக்கு நடுவே உறையின் பரப்பை ஒட்டி அளக்கும் இடைவெளி, 1.25 மில்லிமீட்டர் போதும்; தரம் குறைந்த பொருளுக்கு அதுவே 2.5 மில்லிமீட்டர் ஆகிறது. நைலான் 66 இதில் மேல் வரிசை. பேக்கலைட் வெப்பத்தைத் தாங்கினாலும் கரிப்பாதை விஷயத்தில் பலவீனமானது. பழைய பேக்கலைட் பொருள்களில் திருகுகளுக்கு நடுவே கறுத்த கோடு ஓடியிருப்பதற்குக் காரணம் இதுதான். மூன்றாவது வேலை, உள்ளே இணைப்பு சூடேறிச் சிவந்தாலும் உறை தீக்கு எரிபொருளாகாமல் இருப்பது. சிவக்கக் காய்ச்சிய கம்பியின் நுனியை 30 வினாடி அழுத்திப் பிடித்து எடுத்தபின் 30 வினாடிக்குள் சுவாலை அணைகிறதா என்று பார்ப்பது இதற்கான சோதனை. மின் உறுப்புகளைத் தாங்கும் பகுதிகளுக்கு அந்தக் கம்பியின் வெப்பம் வழக்கமாக 850 டிகிரி.

மூன்றாவது வேலையில் பீங்கானை மிஞ்ச எதுவும் இல்லை. அது எரியாது, உருகாது, கரிப்பாதையும் பிடிக்காது. கீசர், மின் அடுப்பு போன்றவற்றுக்குப் பீங்கான் கனெக்டரைத் தேடி வாங்கும் பழக்கத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் உள்ளே இருப்பது அதே பித்தளைக் குழலும் திருகும்தான். உறை எரியாது என்பதால் இணைப்பு சூடேறாது என்று பொருளில்லை. தளர்ந்த பீங்கான் கனெக்டர் தான் தப்பித்துக்கொண்டு தன்னில் வந்து சேரும் கம்பியின் காப்பைக் கருக்கும். கீழே விழுந்தாலும் மிகையாகத் திருகினாலும் விரிசல் விடும் என்பது வேறு.

லிவர் கனெக்டர் விசைப் பிரச்சினையை வேறு கோணத்தில் தீர்க்கிறது. ஜெர்மனியின் மிண்டன் நகரில் 1951இல் தொடங்கப்பட்ட வாகோ நிறுவனம் பரவலாக்கிய இவ்வகையில், எஃகு வில் ஒன்று கம்பியை வெள்ளீயம் பூசிய செம்புப் பட்டையின்மேல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. லிவரைத் தூக்கிக் கம்பியை நுழைத்து மூடினால் வேலை முடிந்தது; எவ்வளவு அழுத்தம் என்பதைத் தீர்மானிப்பது வில்லே. கம்பி சூட்டில் விரிந்தாலும் குளிரில் சுருங்கினாலும் வில் அதைப் பின்தொடர்கிறது என்பதால், திருகுக்கு இல்லாத ஒரு நிதானம் இதற்கு வாய்க்கிறது. மல்டி ஸ்ட்ராண்ட் இழைகள் வெட்டுப்படுவதும் இல்லை. அந்நிறுவனத்தின் 221 வரிசையில் 4 சதுர மில்லிமீட்டர் வரையான கம்பிக்கான வகை 32 ஆம்பியருக்கும் 450 வோல்ட்டுக்கும் மதிப்பிடப்பட்டது; 11 மில்லிமீட்டர் காப்பை உரிக்க வேண்டும். உடல் ஒளி ஊடுருவும் என்பதால் கம்பி முழுதாக உள்ளே போயிருக்கிறதா, உரித்த செம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். பிழையைத் தடுப்பது ஒரு பாதுகாப்பு என்றால், நேர்ந்த பிழையை மறைக்காமல் காட்டிக்கொடுப்பது அதற்குக் குறைந்த பாதுகாப்பல்ல. டேப்பும் திருகுப் பட்டையும் இதில் தோற்கின்றன.

லிவர் இல்லாமல் கம்பியை அப்படியே குத்திச் செருகும் வகை ஒன்றும் உண்டு. அது ஒற்றைத் தடித்த கம்பிக்கு ஏற்றது. நெகிழ்வான இழைகள் அதில் மடங்கிவிடும் என்பதால் நம் ஊர் வயரிங்குக்குப் பயன் குறைவு. வட அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருக்கும் கூம்பு வடிவத் திருகுமூடியும், கனடாவில் வில்லியம் மார் 1914இல் உருவாக்கிய இணைப்பானின் வழிவந்தது, இங்கே அதிகம் பழக்கத்தில் இல்லை. அதிலும் முறுக்கு கையுடையதே.

கிரிம்ப் குழல் ஒருமுறை நசுக்கினால் கழற்ற முடியாத இணைப்பு. அதுவே அதன் பலமும் குறையும். வெள்ளீயம் பூசிய செம்புக் குழலுக்குள் இரு கம்பிகளையும் நுழைத்து நசுக்கும்போது உலோகங்கள் ஒன்றோடொன்று காற்றுப்புகாமல் பொருந்திவிடுகின்றன. உறையின் நிறமே அளவைச் சொல்லிவிடும்: சிவப்பு 1.5 சதுர மில்லிமீட்டர் வரை, நீலம் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. விசையைப் பொறுத்தவரை எல்லாமே கருவியில்தான் இருக்கிறது. முழு அழுத்தம் முடியும்வரை வாய் திறக்காத ராட்செட் கருவியால் நசுக்கினால் விசை கையிடமிருந்து கருவிக்கு மாறிவிடுகிறது. அதே குழலைக் கட்டிங் பிளேயரால் கடித்துவிட்டால் அது முறுக்கிய இணைப்பைவிட மேலானதல்ல. போர்வெல் நீர்மூழ்கி மோட்டாரின் தட்டைக் கேபிளை நீட்டும் இடத்தில் கிரிம்ப்புக்குப் போட்டியே கிடையாது. பல நூறு அடி ஆழத்தில் நீரழுத்தத்தில் கிடக்கும் அந்த இணைப்புக்கு, மூன்று கம்பிகளையும் ஒரே இடத்தில் சேராதபடி தள்ளித் தள்ளி வெட்டி, தனித்தனியே கிரிம்ப் செய்து, உட்புறம் பசை பூசிய சுருங்கு குழாயைச் சூடேற்றி ஒட்டவைக்க வேண்டும். அந்த இடத்தில் லிவர் கனெக்டரை யாராவது பரிந்துரைத்தால் அவர் போர்வெல்லைப் பார்க்காதவர்.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் அலுமினிய சர்வீஸ் வயர் தனிக் கதை. ஒரு டிகிரி வெப்பத்துக்குச் செம்பு மீட்டருக்கு 17 மைக்ரான் விரிந்தால் அலுமினியம் 23 மைக்ரான் விரிகிறது. அதன் மேற்பரப்பில் நொடிப்பொழுதில் படியும் ஆக்சைடு மின்னோட்டத்தைத் தடுக்கும். அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை ஏராளமான வீடுகளுக்கு அலுமினியக் கம்பி இழுத்தபோது கம்பி பிழைத்தது, இணைப்புகள்தான் கருகின. அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், முழுதும் மாற்ற முடியாத வீடுகளுக்குச் சிறப்புக் கருவியால் செய்யும் கிரிம்ப் முறையைப் பரிந்துரைத்தது. கூம்பு மூடியை நிரந்தரத் தீர்வாக ஏற்கவில்லை. மின்வாரியப் பணிகளில் காப்பிட்ட வான்வழிக் கேபிளுக்குப் பயன்படும் துளைப்புக் கனெக்டர் இந்தச் சிக்கலை அழகாக அவிழ்க்கிறது. காப்பை உரிக்கவே வேண்டாம். வெள்ளீயம் பூசிய பற்கள் காப்பையும் ஆக்சைடையும் ஊடுருவி உலோகத்தைப் பிடிக்கின்றன, சுற்றிலும் உள்ள கிரீஸ் ஈரத்தை வெளியே நிறுத்துகிறது. அதன் போல்ட்டின் தலை, குறித்த முறுக்குவிசை வந்ததும் தானாக ஒடிந்து விழும்படி செய்யப்பட்டிருக்கிறது. இறுக்கியது போதுமா என்ற கேள்வியை வேலை செய்பவரிடம் விடாமல் ஒரு சிறு பலவீனமான கழுத்தை வைத்தே தீர்த்துவிட்ட இந்த யோசனை, நான் பார்த்த இணைப்பான் வடிவமைப்புகளில் மிகவும் பிடித்தது.

இதையெல்லாம் வைத்து, சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் 4 சதுர மில்லிமீட்டர் வரையான மல்டி ஸ்ட்ராண்ட் கம்பிக்கு, பிறகு திறந்து பார்க்கக்கூடிய பெட்டி இருந்தால் லிவர் கனெக்டரையும், திறக்க முடியாத இடத்திலும் நீரிலும் கிரிம்ப்பையும் தேர்ந்தெடுப்பேன். கீசர் முனையில் ஃபெரூலோடு பீங்கானை வைத்துக்கொள்ளலாம். இதற்கு இரண்டு தடைகள் உண்டு. லிவர் வகைக்கு இடம் அதிகம் வேண்டும். பழைய வீடுகளின் ஆழம் குறைந்த பெட்டிக்குள் நான்கைந்தைத் திணித்து மூடியை அழுத்தினால் கம்பிகள் நெளிந்து லிவரே திறந்துகொள்ளக்கூடும், அங்கே தகடு வைத்த திருகுக் கனெக்டர்தான் பொருந்தும். இரண்டாவது தடை போலிகள். வெளியே ஒரேபோலத் தெரியும் மலிவு நகல்களில் செம்புப் பட்டை மெலிந்தும் வில் சோர்ந்தும் இருக்கலாம். சிலவற்றில் மின்னோட்டம் எஃகு வழியாகவே போகும்படி ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட நகலைவிட நல்ல திருகுக் கனெக்டர் எவ்வளவோ மேல். வாங்கும்போது உடலிலேயே ஆம்பியர், வோல்ட், கம்பி அளவு, உரிக்க வேண்டிய நீளம் ஆகியவை தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா என்று பார்க்கலாம். கம்பியை மாட்டியபின் ஒவ்வொன்றையும் தனித்தனியே பிடித்து இழுத்துப் பார்க்கலாம். முதல் வாரத்தில் ஒருநாள், கீசரை நெடுநேரம் ஓடவிட்டு, மெயினை அணைத்த உடனே பெட்டியைத் திறந்து இணைப்பானையும் கம்பியையும் தொட்டுப் பார்த்து, கம்பியைவிட இணைப்பான் சூடாக இருந்தால் அதைக் கழற்றி மாற்றிவிடலாம்.