2.70-லிருந்து 3.02-க்கு: நான்கு ஆண்டு அனுபவம்

அமெரிக்காவில் ஃபிசிசியன் அசிஸ்டென்ட் ஆகப் போகிறேன் என்று சொன்னதும் மதுரையிலிருந்து தொலைபேசியில் பேசிய அத்தை, "பி.ஏ. என்றால்? மந்திரிக்கு இருப்பாரே, அந்த மாதிரியா?" என்று கேட்டார். நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுதித் தருகிற வேலை என்று விளக்கினேன். "அப்படியென்றால் டாக்டருக்கே படித்துவிடலாமே" என்றார். அதற்கான மதிப்பெண் என்னிடம் இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. இதற்கான மதிப்பெண்ணும் என்னிடம் இல்லை என்பது அப்போது எனக்கே தெரியாது.

என் கல்லூரிக் கணக்கில் சராசரி நான்குக்கு 2.81 ('ஏ' என்றால் 4, 'பி' 3, 'டி' 1). ஆர்கானிக் கெமிஸ்ட்ரியிலும் இயற்பியலிலும் 'டி' வாங்கி, மறுபடி படித்து 'பி' வாங்கியிருந்தேன். கல்லூரி பழைய 'டி'க்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. பெரும்பாலான பிஏ பள்ளிகள் பயன்படுத்தும் பொது விண்ணப்பமான காஸ்பாவில் அந்தச் சலுகை கிடையாது. மறுபடி எழுதிய பாடமானாலும் இரண்டு மதிப்பெண்களும் சேரும். அங்கே நான் 2.70. பல பள்ளிகள் கேட்கும் குறைந்தபட்சமோ 3.0, இடம் கிடைக்கிறவர்களின் சராசரி அதையும் தாண்டி 3.5-க்கு மேல்.

அன்றிரவு காகிதத்தில் கணக்குப் போட்டேன். கையில் ஏற்கெனவே 128 கிரெடிட் (ஒரு பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு). 3.0-ஐத் தொட, இன்னும் 39 கிரெடிட்டுக்கு ஒன்றுவிடாமல் 'ஏ' வாங்க வேண்டும். எவ்வளவு அதிகம் படித்திருக்கிறோமோ, சராசரி அவ்வளவு மெதுவாக நகரும். கிணற்றில் உப்பு விழுந்தபின் குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றுகிற வேலைதான். முதலிலேயே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், தேவையில்லாத இரண்டு பாடங்களுக்குப் பணம் கட்டியிருக்க மாட்டேன்.

பகலில் உடற்கூறியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல். இரவில் முதியோர் இல்லத்தில் நர்சிங் அசிஸ்டென்ட் வேலை, வாரம் 36 மணி நேரம். படுக்கையிலிருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். ரத்த அழுத்தம் பார்ப்பது, குளிப்பாட்டுவது, குடித்த தண்ணீருக்கும் போன சிறுநீருக்கும் கணக்கு எழுதுவது. விண்ணப்பத்தில் இதற்கு 'நோயாளி பராமரிப்பு நேரம்' என்று பெயர். மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதும் ஸ்க்ரைப் வேலையைச் சில பள்ளிகள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதுகுவலி வந்தாலும் பரவாயில்லை, நோயாளியைக் கையால் தொடும் வேலையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

முதல் முறை 2.92-உடன் பதினொரு பள்ளிகளுக்கு விண்ணப்பித்தேன். அதில் ஏழு பள்ளிகள் 3.0 கேட்பவை. "முழு மனிதரையும் பார்க்கிறோம்" என்று இணையதளத்தில் எழுதியிருந்ததை நம்பினேன். குறைந்தபட்சத்துக்குக் கீழே இருக்கும் கோப்பை யாரும் திறக்கக்கூட மாட்டார்கள் என்று பிறகுதான் புரிந்தது. அதிலும் செப்டம்பரில் அனுப்பினேன். ஏப்ரல் கடைசியில் திறக்கும் விண்ணப்பம் அது. பல பள்ளிகள் கடைசித் தேதிக்குக் காத்திராமல், விண்ணப்பங்கள் வந்து சேரச் சேர இடம் கொடுத்துக்கொண்டே போகும். பதினொன்றும் கை விரித்தன. ஒன்று பதிலே போடவில்லை.

இரண்டாம் முறை கடைசி 60 கிரெடிட்டைத் தனியாகப் பார்க்கும் பள்ளிகளையே முதலில் தேடினேன். என்னுடைய அந்தக் கடைசி வரிசையில் 3.8 இருந்தது. பராமரிப்பு நேரம் 3,500-ஐத் தாண்டியிருந்தது. மொத்தச் சராசரி 3.02. மே மாதமே அனுப்பினேன். எட்டு விண்ணப்பம், இரண்டு நேர்முகம், ஓரிடம்.

நேர்முகத்தில் அந்த 'டி'க்களைப் பற்றிக் கேட்டார்கள். முந்தைய ஆண்டின் விண்ணப்பக் கட்டுரையில் வீட்டுச் சூழ்நிலையை விரிவாக எழுதியிருந்தேன்; பொய்யில்லை, ஆனால் சாக்கு மாதிரி ஒலித்தது. இம்முறை, "புரியவில்லை என்று யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் மானம் போய்விடும் என்று நினைத்தேன்" என்றேன். ஒருவர் தலையசைத்து எதையோ எழுதிக்கொண்டார்.

உள்ளே போனபின் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. மருந்தியல் முதல் தேர்விலேயே தோற்றேன். அந்த 27 மாதப் படிப்பில் ஒரு வாரத்துக்கு வரும் பாடம், கல்லூரியில் ஒரு மாதப் பாடம். மதிப்பெண் வரம்பை வைத்து வடிகட்டுவது வெறும் வீம்பு என்று திட்டிக்கொண்டிருந்த நான், அன்று கொஞ்சம் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆசிரியரின் அறை வாசலில் போய் நின்றேன். மறுதேர்வில் தேறினேன்.