நீலகிரித் தைலம்: 11 வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டது

எனக்குச் சைனஸ் தொல்லை உண்டு. கார்த்திகை பிறந்தால் மூக்கடைப்பு, புருவத்துக்கு மேலே கனம். 11 வருடமாக ஆவி பிடிக்க நீலகிரித் தைலம்தான். கொதித்து இறக்கிய வெந்நீரில் மூன்றே சொட்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஐந்து நிமிடம். அடைப்பு இளகி மூச்சு தாராளமாக வரும். நோய் தீருவதில்லை, ஆனால் அன்றைய ராத்திரி தூங்க முடிகிறது.

வாசனை சுள்ளென்று ஏறினால் நல்ல தைலம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். 2017-ல் ஊட்டி போனபோது சாலையோரக் கடை ஒன்றில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அரை லிட்டர் வாங்கினேன். ஆவி பிடித்தால் தொண்டை எரிந்தது. சந்தேகப்பட்டு, வெள்ளைத் தாளில் அதில் ஒரு சொட்டும் வீட்டிலிருந்த பழைய தைலத்தில் ஒரு சொட்டும் விட்டேன். பழையது ஃபேன் காற்றில் பறந்து, சுவடே இல்லை. புதியது மறுநாள் காலையிலும் பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி பளபளத்தது. இலையிலிருந்து நீராவியில் வடித்த எண்ணெய் அப்படிக் கறை விடாது. வேறு கனமான எண்ணெய் சேர்ந்திருக்க வேண்டும். டர்பன்டைன் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் சிக்காது, அதுவும் பறந்துவிடும். அதன் முக்கியப் பொருளான ஆல்பா-பைனீன் நல்ல தைலத்திலும் கொஞ்சம் இருப்பதால், அளவு ஏறியிருப்பதை, எண்ணெயில் உள்ள பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராபி என்ற ஆய்வக அறிக்கையில்தான் பார்க்க முடியும்.

அதிலிருந்து லேபிளைப் படிக்காமல் வாங்குவதில்லை. மூக்கைத் திறக்கும் அந்தக் குளிர்ச்சி 1,8-சினியோல் என்ற வேதிப்பொருள் தருவது. யூகலிப்டஸ் குளோபுலஸ் என்ற தைல மர வகையின் இலையில் அது அதிகம். மருந்துத் தரத்துக்குக் குறைந்தது 70% வேண்டும். மீதியில் பைனீன், லிமோனீன், பாரா-சைமீன் போன்றவை. ஒருமுறை வெறுமனே 'யூகலிப்டஸ்' என்று போட்டதை வாங்கிவந்து திறந்தால் எலுமிச்சை வாசனை! அது சிட்ரியோடோரா என்ற வேறு வகைத் தைல மரத்து எண்ணெய், பெரும்பகுதி சிட்ரோனெல்லால். மணம் அருமை, ஆனால் என் மூக்கடைப்பு அசையவில்லை. தரை துடைக்கும் தண்ணீரில் ஊற்றித் தீர்த்தேன்.

பத்திரப்படுத்துவதிலும் தவறு செய்திருக்கிறேன். ஜன்னலோரம் வெயில் படும்படி வைத்த குப்பி இரண்டு வருடத்தில் வார்னிஷ் மாதிரி நாறியது. சினியோல் லேசில் கெடாது. லிமோனீனும் பைனீனும் காற்று பட்டு மாறிவிடும், மாறியது தோலில் பட்டால் அரிக்கும். மூடியிலிருந்த ரப்பர் டிராப்பர்கூட ஊறிப்போய்க் கொழகொழத்துவிட்டது. இப்போது 15 மில்லி பழுப்புக் கண்ணாடிக் குப்பி, இறுக்கமான திருகு மூடி, அலமாரிக்குள். எனக்கு ஒரு வருடம் வருகிறது.

மகளுக்கு ஒரு வயதில் சளி பிடித்தபோது அம்மா, "ஒரு சொட்டு மூக்குல தடவுடா, சரியாயிடும்" என்றார். "வேண்டாம்மா" என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் சில மில்லி உள்ளே போனாலே சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரக்கூடும்; கைக்குழந்தையின் மூக்கருகே தடவினால் மூச்சே திணறலாம். கற்பூரத்துக்கும் இதே எச்சரிக்கைதான். வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். எங்கள் வீட்டில் குப்பி இருப்பது மேல் தட்டில், மகள் நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத இடத்தில்.