கார்த்திகைப்பூவும் ரில்லியமும்: யாழ்ப்பாணத்து வளவுக்கு எது?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் உறவினர்கள் வைகாசி மாதத்தில் அனுப்பும் படங்களில் வெண்ணிற ரில்லியம் காட்டுத்தரை முழுவதும் பூத்திருப்பதைப் பார்த்தவர்கள், அதனை நம் வளவிலும் நடலாமா என்று கேட்பதுண்டு. 1937இல் அந்த மாகாணத்தின் மலராக அறிவிக்கப்பட்ட இச்செடியை, மாரியோடு நம் வேலிகளில் எழும் கார்த்திகைப்பூவுடன் ஒப்பிட்டால் விடை தெளிவாகும்.

இரண்டும் பல்லாண்டுத் தாவரங்கள். நிலத்தடித் தண்டில் உணவைச் சேமித்து, உரிய பருவத்தில் மட்டும் மேலே வருபவை. ரில்லியம் காத்திருப்பது வெளிச்சத்துக்காக. பனி உருகியபின், பெருமரங்கள் இலைவிட்டு நிழல் பரப்புவதற்கு முன்னுள்ள சில வாரங்களிலேயே அது பூத்துவிட வேண்டும். கார்த்திகைப்பூ காத்திருப்பதோ நீருக்காக. வடகீழ்ப் பருவமழையில் தளிர்த்து, கோடையில் தண்டு காய்ந்து மறைகிறது.

ரில்லியத்தின் அமைப்பு எளிமையானது: ஒரு தண்டு, இலைபோன்ற மூன்று பூவடிச் செதில்கள், மூன்று புல்லிகள், மூன்று அல்லிகள். வெண்மையான அல்லிகள் முதிரும்போது இளஞ்சிவப்பாகின்றன. கார்த்திகைப்பூவின் அமைப்பு இன்னும் வியப்பூட்டுவது. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கிளுவையையோ பூவரசையோ பற்றி ஏறுகிறது. ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் மாறுகின்றன. சூல்தண்டு அடியிலேயே மடிந்து பக்கவாட்டில் நீள்கிறது. நெருங்கி நின்று பார்க்கத் தகுந்த மலர் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ரில்லியத்தின் விதைகளை, அவற்றில் ஒட்டியுள்ள கொழுப்புச் சதைக்காக எறும்புகள் எடுத்துச் சென்று பரப்புகின்றன. ஆனால் முளைத்த செடி முதன்முதலாகப் பூக்க ஏழு ஆண்டுகளுக்கும் மேலாகலாம். முளைப்பதற்கும் வளர்வதற்கும் குளிர்காலம் வேண்டும். உறைபனியே இல்லாத யாழ்ப்பாணத்தில் அது நிலைக்காது. காட்டிலிருந்து அதைத் தோண்டி எடுப்பதும் மெதுவாகப் பெருகும் அச்செடிக்குச் செய்யும் கேடாகும்.

ஆகவே நம் வளவுக்குக் கார்த்திகைப்பூவையே பரிந்துரைக்கிறேன். நீர் தேங்காத செம்மண்ணில், கலப்பை வடிவக் கிழங்கை அதன் வளரும் நுனி முறியாமல் புரட்டாசியில் நட்டால், பெரும்பாலும் அந்த மாரியிலேயே பூக்கும். எனினும் செடி முழுவதிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கொல்கிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. உண்ணும் கிழங்கென மயங்கித் தின்று இலங்கையில் உயிரிழந்தோர் உள்ளனர். இராசவள்ளிப் பாத்திக்கு அருகிலோ சிறுவர் விளையாடும் இடத்திலோ அதனை நடக் கூடாது. எவரேனும் உட்கொண்டால், வாந்தி தொடங்கும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.