முலாம் பூசக் கொடுத்தது ஒன்று, திரும்பி வந்தது வேறொன்று

பழைய ஷேவிங் ரேசருக்குப் புதிதாக நிக்கல் முலாம் பூசித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு, அதைத் தானே வைத்துக்கொண்டு, பளபளப்பான மலிவுச் சரக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுப்பவர்கள் நம் சென்னையில் இருக்கிறார்கள். பணத்தையும் அதைவிடப் பெரிய ஒன்றையும் இழந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. வீட்டில் அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ ஒரு பழைய ரேசர் இருந்து, அதைப் புதுப்பிக்கும் எண்ணமும் இருந்தால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் இழந்தது கில்லெட் நிறுவனத்தின் சூப்பர் ஸ்பீட் ரேசர். 1947இல் சந்தைக்கு வந்த வகை அது. கைப்பிடியின் அடியில் இருக்கும் குமிழைத் திருகினால், தலையின் இரு கதவுகளும் பட்டாம்பூச்சி சிறகு விரிப்பதைப் போலத் திறக்கும், பிளேடை வைத்துத் திரும்பத் திருகினால் மூடிக்கொள்ளும். கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்து அப்பாவுக்குக் கொடுத்தார். தலைக்கு அடியில் ஒரு பக்கம் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தும் மறுபக்கம் 3 என்ற எண்ணும் பொறித்திருக்கும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் செய்த கில்லெட் ரேசர்களில் எழுத்து ஆண்டையும் எண் காலாண்டையும் குறிக்கும். 1955க்கு ‘ஏ’ என்று தொடங்கிய வரிசையில் ‘டி’ என்பது 1958. ஆகவே அது 1958 ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் செய்யப்பட்டது. இந்தக் குறியீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

அப்பா போன பிறகு பல வருடங்கள் அது அலமாரியில் கிடந்தது. 2020 ஊரடங்கில் சலூன்கள் மூடியிருந்தபோது எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியவன், பிறகு விடவில்லை. காலையில் பிரஷ்ஷை வெந்நீரில் ஊறவைத்து, கிண்ணத்தில் சோப்பைச் சுழற்றி நுரை கட்டி, முடி வளரும் திசையில் ஒருமுறையும் குறுக்கே ஒருமுறையும் மழித்து, ஈர முகத்தில் படிகாரக் கல்லை ஓட்டி முடிக்கும் அந்தப் பதினைந்து நிமிடங்கள் யாரும் என்னைக் கூப்பிடாத நேரமாகின. எங்கள் வேளச்சேரி வீட்டுப் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையில் நுரை நிற்காது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகிவிடும். அதனால் நுரைக்கு மட்டும் அரை டம்ளர் கேன் தண்ணீரைத் தனியாகச் சூடு பண்ணுவேன். வீட்டில் இதைக் கேலி செய்யாதவர் இல்லை. எந்த பிளேடு எத்தனை சவரத்துக்கு வருகிறது, எந்த ரேசர் எத்தனை கிராம் என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் கடைசியில் உதவியது அந்த நோட்டுதான்.

உண்மையைச் சொன்னால் அந்த ரேசருக்கு முலாம் தேவையே இல்லை. கைப்பிடியில் அப்பாவின் விரல் பிடித்த இடத்தில் நிக்கல் தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது, அவ்வளவுதான். சவரத்தில் ஒரு குறையும் இல்லை. புத்தம் புதிதாக மின்னும் பழைய ரேசர்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் ஆசை வந்தது. “புளி போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும்டா” என்று அம்மா சொன்னாள். புளியும் சாம்பலும் மீதமிருக்கும் நிக்கலையும் கொண்டுபோய்விடும் என்று நான் பெரிய விஷயம் தெரிந்தவன்போல் விளக்கினேன்.

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் பழைய பேனா, கைக்கடிகாரம், லைட்டர், ரேசர் எல்லாவற்றையும் வாங்கி விற்று, பழுதும் பார்க்கும் ஒருவரைப் பற்றித் தெரிந்தவர் மூலம் கேள்விப்பட்டு அங்கே போனேன். மனிதர் நன்றாகப் பேசினார். ரேசரைக் கையில் வாங்கியதும் முதலில் தலையைத் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்த்தார். விஷயம் தெரிந்தவர் என்று நான் மகிழ்ந்தேன். விலை மதிப்பைப் பார்த்திருக்கிறார் என்பது இப்போதுதான் புரிகிறது. பழைய முலாமை எடுத்து, பஃப் போட்டு (அதாவது சுழலும் துணிச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றி), புதிய நிக்கல் ஏற்ற 1,800 ரூபாய், பத்து நாள் என்றார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஜிபேயில் அனுப்பச் சொன்னார். திரையில் வந்த பெயர் அவருடையதாகத் தெரியவில்லை. பில் கேட்டதற்கு, ஒரு துண்டுச் சீட்டில் ‘ரேசர் 1 – நிக்கல்’ என்று எழுதிக் கொடுத்தார். அதோடு விட்டேன்.

பத்து நாள் என்றது ஏழு வாரம் ஆனது. ‘பிளேட்டிங் தொட்டியில் கோளாறு’, ‘பையன் ஊருக்குப் போயிருக்கிறான்’ என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். கடைசியில் கைக்கு வந்தது கண்ணாடியாக மின்னியது. சந்தின் அரையிருட்டில் குமிழை ஒருமுறை திருகிப் பார்த்தேன், கதவுகள் திறந்தன, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் இழுப்பிலேயே சந்தேகம் வந்தது. அப்பாவின் ரேசர் கன்னத்தில் போவதே தெரியாது, முடி அறுபடும் மெல்லிய சரசரப்பு மட்டும் கேட்கும். இது ஒரு பக்கம் வழுக்கியது, மறுபக்கம் பிடித்து இழுத்தது. தாடையின் கீழ் இரண்டு இடத்தில் ரத்தம் கொப்பளித்தது, படிகாரம் வைத்தும் நிற்கவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு ரேசரை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒரு கதவுக்கும் பிளேடுக்கும் இடையில் தலைமுடி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது, மறுபக்கம் தெரியவில்லை. பிளேடே சற்றுக் கோணலாக உட்கார்ந்திருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் ‘டி’யும் இல்லை, 3உம் இல்லை, கில்லெட்டின் பெயர்கூட இல்லை.

தெருமுனை நகைக்கடையில் எடை போட்டேன். என் நோட்டில் 59 கிராம் என்று இருந்தது. தராசு 46 காட்டியது. முலாம் என்பது சில மைக்ரான் தடிமன்தான், அதை உரித்துப் புதிதாக ஏற்றுவதால் பதின்மூன்று கிராம் குறையவே குறையாது. பித்தளையைவிட எடை குறைந்த துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவு நகல் அது என்பதே என் முடிவு. குமிழின் விளிம்பில் அப்பா எப்போதோ தரையில் போட்டதால் விழுந்த நசுங்கலும் இதில் இல்லை.

திரும்பப் போய்க் கேட்டபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. “பஃப் போட்டா எழுத்தெல்லாம் அழிஞ்சிரும் சார், பழைய பொருள்னா அப்படித்தான்” என்றார். பஃப் அதிகமாகப் போட்டால் பொறித்த எழுத்து மங்கும் என்பது உண்மைதான், அதனால்தான் இந்தப் பதில் பலரிடம் எடுபடுகிறது. எடை ஏன் குறைந்தது என்று கேட்டேன். “வீட்டுத் தராசு சார் அது” என்றார். நசுங்கல் எங்கே என்றதற்கு, அதையும் தட்டிச் சரிசெய்துவிட்டதாகவும், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை என்றும் சொன்னார்! பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகு 900 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். ரேசரைப் பற்றிய பேச்சை மட்டும் எடுக்கவே விடவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பேசிப் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். பில் கொடுக்காததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறைதான். ஆனால் ‘ரேசர் 1’ என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு, நான் கொடுத்தது எந்த ரேசர் என்பதை எப்படி நிறுவுவது? இந்த இடத்தில்தான் நான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். உடன் இருப்பவை நோட்டில் எழுதிய எடையும், குறியீடு தெரியாத கோணத்தில் எடுத்த இரண்டு படங்களும் மட்டுமே.

ஆகவே கொடுத்தே தீர வேண்டும் என்றால், குறியீடு தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, கடைக்காரர் கண்ணெதிரிலேயே எடை போட்டு, வகை, குறியீடு, எடை, கீறல், நசுங்கல் எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடையில் கொடுக்காதீர்கள். பாதிப் பணத்துக்கு மேல் முன்பணமாகத் தராதீர்கள். திரும்ப வாங்கும்போது வெளிச்சத்துக்கு வந்து, ஒரு பிளேடைப் போட்டு இருபக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். என்னைக் கேட்டால் கொடுக்கவே வேண்டாம் என்பேன். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பை இரண்டு சொட்டு விட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் பல வருட சோப்புப் படிவு போய்விடும். பித்தளை தெரியும் இடம் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

அந்த ரேசர் விற்கப்பட்டிருக்கும், அல்லது விற்பனைக்கு வரும். சூப்பர் ஸ்பீட், குறியீடு டி-3, குமிழின் விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு நசுங்கல், முலாம் ஏற்றாமல் இருந்தால் கைப்பிடியின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் தெரியும். சென்னையில் யாராவது அப்படி ஒன்றை விலை பேசினால், எங்கே வாங்கினீர்கள் என்று விற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.